சைக்கிள் பாதையில் ஒரு காலை ஊன்றி

போன கிழமை வேலைக்குப் போகிற வழியில் என்னை ஒரு பணிஸ் மறித்தது. உண்மையிலேயே பணிஸ்தான், சூடு ஆறாத, மேலே கசகசா தூவிய உருண்டை பன். கொமூனக்காரர், அதாவது எங்கள் நகரசபைக்காரர், சைக்கிள் பாதையின் ஓரத்தில் மேசை போட்டு, சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டு நின்றார்கள். மஞ்சள் மேலங்கி போட்ட பிள்ளை ஒருத்தி, என் மகளைவிட இளையவள், பணிஸை நீட்டியபடி டெனிஷில் கேட்டாள்: "நீங்கள் ஏன் சைக்கிளில் வேலைக்குப் போகிறீர்கள்?"

"உடம்புக்கு நல்லது," என்றேன். அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். எனக்கு முன்னால் நின்றவர் சுற்றுச்சூழலுக்காக என்றார். பின்னால் நின்ற பெண் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை என்றாள். எல்லாம் நல்ல காரணங்கள்தான். ஆனால் நான் சொன்னது பச்சைப் பொய். உடம்பில் அவ்வளவு அக்கறை உள்ளவள் இரவு ஒன்பது மணிக்குத் தேங்காய்ப்பூப் போட்ட புட்டை ஒரு பிடி பிடிப்பாளா, நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பணிஸின் வாசந்தான் என்னைக் கொண்டுபோய் வேறிடத்தில் விட்டது. டென்மார்க்கில் இந்த ஹேர்னிங் நகருக்கு நான் வந்த புதிதில் தையல் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. அதன் பின்பக்கம் ஒரு பேக்கரி. காலை ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், துணித் தூசி அடைத்த மூக்குக்குள் முதலில் நுழைவது அந்த வாசந்தான். அதை இழுத்துக்கொண்டே சைக்கிளை எடுப்பேன். வீட்டுக்குப் போக அவசரமே இருக்காது.

வீடு என்றேனே, அது ஒரு சின்ன மாடி வீடு. என் புருஷனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் எங்களோடுதான் இருந்தார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்லக் கூடாது. ஆனால் புதிதாகக் கலியாணம் கட்டியவர்கள் ஒரு வார்த்தை கதைக்க வேண்டுமென்றால் குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் கதைக்க வேண்டும். நான் இவரைப் படத்தில் பார்த்துச் சம்மதித்து வந்தவள். விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்ற மனிதரை அதற்கு முன்னர் நேரில் கண்டதில்லை. வந்து கொஞ்ச நாளிலேயே எனக்குக் காலை ஷிப்ட், இவருக்குப் பக்கத்து இரும்புத் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட். நான் எழும்பும்போது அவர் நித்திரை. அவர் வரும்போது நான் நித்திரை. இவருக்குக் கறியில் எவ்வளவு உறைப்பு வேண்டும் என்பது தவிர எனக்கு இவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இனி என் மானத்தை வாங்கிய கதைக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடாத பெண்பிள்ளை ஏது? எனக்கும் அந்த விஷயத்தில் கொஞ்சம் கொழுப்பு இருந்தது. ஊரில் சைக்கிள் தானாக உருளும்போது பெடலைச் சும்மா பின்னுக்குச் சுழற்றிக்கொண்டு வருவோம். கிர்ர் என்று ஒரு சத்தம் வரும், கேட்க நன்றாயிருக்கும். டென்மார்க்கில் எனக்கு வாய்த்த சைக்கிளில் பின்னுக்கு மிதித்தால் அதுதான் பிரேக். ஒரு நாள் வேலை முடிந்து வருகிறேன், பஸ் தரிப்பிடம் ஒன்றுக்குக் கிட்ட எதிரே இவர் வருகிறார். வீட்டுக்கு வெளியே, தனியாக, பகல் வெளிச்சத்தில் அவரைக் காண்பது அதுதான் முதல் தரம். வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் ஊர்ப் பழக்கத்தில் பெடலைப் பின்னுக்குச் சுழற்றிவிட்டேன். சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை, நேரே வேலிப் பற்றைக்குள் போனேன்.

"என்ன, விழுந்திட்டீரோ?"

"இல்லை, சும்மா இறங்கினனான்."

இவர் சிரித்த சிரிப்பு. இந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. தலைமயிரில் சிக்கிய இலைகளை எடுத்துவிட்டு, சைக்கிளை நிமிர்த்தி, சங்கிலியை மாட்டித் தந்தார். பிறகு போகாமல் நின்றார். நானும் நின்றேன்.

அடுத்த நாள் யாரும் விழவில்லை. ஆனாலும் அதே இடத்தில் இரண்டு பேரும் நின்றோம். பாதைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், ஆளுக்கொரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு. ஒரு பத்து நிமிடம் இருக்கும். அதற்குள் எத்தனை கதை! முதல் குளிர்காலத்தில் அகதி முகாமில் போர்வைக்குள் அழுததை அங்கேதான் சொன்னார். தனக்கு வேலையிடத்துப் போர்மனைக் கண்டால் பயம் என்பதையும் அங்கேதான் சொன்னார். படத்தைப் பார்த்தபோது உங்கள் காது பெரிசு என்று யோசித்தேன் என்று நானும் சொன்னேன். அவர் தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். பிள்ளை உண்டாகியிருப்பதை நான் சொன்னதும் அங்கேதான். அன்றைக்கு அவர் வேலைக்குப் பிந்திவிட்டார். எங்கள் யூலாந்துப் பகுதிக் காற்றைத் தெரியுமல்லவா, ஒருவருக்கு முதுகில் தள்ளினால் மற்றவருக்கு முகத்தில் அடிக்கும். எதிர்காற்று யாருக்கோ அவர் முதலில் புறப்பட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். மறைக்க என்ன இருக்கிறது, நான் என் புருஷனைக் காதலித்தது கலியாணத்துக்குப் பிறகு, அந்தப் பஸ் தரிப்பிடத்தில்.

ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சைக்கிள் என்றால் ஒரு மாதிரி. ஊரில் பெற்றோல் இல்லாத காலத்தில் வேறு வழியில்லாமல் உழக்கியது. இங்கே வந்தும் உழக்கினால் என்ன முன்னேற்றம்? என் தொழிற்சாலை மனேஜர் காற்சட்டை நுனியில் கிளிப் மாட்டிக்கொண்டு சைக்கிளில்தான் வருவார். சரியான கஞ்சன் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். இவருக்குச் சொந்த அண்ணன் போலிருந்த குகன் அண்ணை ஒரு பிறந்தநாள் விழாவில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "டேய், பிள்ளையும் பிறந்திட்டுது. இனியும் உந்தச் சைக்கிளை உழக்கப் போறியோ?"

இவருக்கு அது சுட்டுவிட்டது. லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். டயருக்கடியில் தேசிக்காய் நசித்து, கற்பூரம் கொளுத்தி, எல்லாம் செய்தோம். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். நினைப்பு மட்டும் அந்தப் பஸ் தரிப்பிடத்தில். கூட்டாளிகள் அதற்குள் வேறு வீடு போய்விட்டார்கள், உண்மை. ஆனால் ஷிப்ட் மாறவில்லையே. அந்தப் பத்து நிமிடம் போனால் நானும் இவரும் மறுபடி உறைப்புக் கணக்கு மட்டும் தெரிந்த இரண்டு பேர்தான். கார் வாங்கிய சந்தோஷத்தில் நிற்கிற மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது?

அவர் காரில் வேலைக்குப் போன முதல் நாள் பஸ் தரிப்பிடத்தில் வழக்கம்போல காலை ஊன்றி நின்றேன். பெருந்தெருவில் வெள்ளைக் கார் வந்தது. லைட்டை அடித்து, கையைத் தூக்கிக் காட்டினார். பின்னால் லொறி வந்ததால் நிறுத்த முடியவில்லை. நானும் கையைத் தூக்கினேன், அதற்குள் கார் போய்விட்டது. அந்தக் கிழமை முழுக்க இதுதான் நடந்தது. வெள்ளிக்கிழமை நான் நிற்காமலே வீட்டுக்குப் போனேன். வழி நெடுக அழுதேன். காற்றில் கண்ணீர் வருகிறது என்று நினைக்க வசதியான ஊர் இது.

திங்கட்கிழமை எங்கும் பனிப்புகார். தூரத்தில் ஒரு சைக்கிள் லைட் ஆடி ஆடி வந்தது. பார்த்தால், தொப்பியால் காதை மூடிக்கொண்டு இவர்.

"கார் என்ன?"

"ஸ்ராட் வரேல்லை."

அடுத்த நாளும் வந்தார். கார் பற்றரி இறங்கிவிட்டதாம். அதற்கடுத்த நாள் அவர் காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. சனிக்கிழமை கடைக்குப் போக மூன்று பேரும் காரில் ஏறினோம். திறப்பைத் திருப்பியதும் ஒரே தரத்தில் ஸ்ராட் ஆனது. இவர் கண்ணாடியைச் சரிசெய்வது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மகளின் தொப்பியைச் சரிசெய்தேன்.

இப்போது இவர் ஓய்வு பெற்றுவிட்டார். முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு சைக்கிள் ஓடக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். "காரில கொண்டுபோய் விடுறன்" என்று இப்போதும் ஒவ்வொரு மாரிக்கும் கேட்பார், நான் வேண்டாம் என்பேன். வயோதிபர் இல்லத்தில் எனக்கு இன்னும் சில வருட வேலை இருக்கிறது. அதற்கும் அதே பாதைதான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும், மாலை முழுவதும் எங்களுடையது. அவர் போனில் ஊர்ச் செய்தி பார்ப்பார், நான் நாடகம் பார்ப்பேன். கதைக்க நேரம் நிறைய இருப்பதாலோ என்னவோ, நாங்கள் அதிகம் கதைப்பதில்லை.

பணிஸ் கிடைத்த அன்று பின்னேரம் இவரிடம் அந்தக் கதையைச் சொன்னேன். போனிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நீர் என்ன சொன்னனீர்?"

"உடம்புக்கு நல்லமெண்டு."

போனை மேசையில் வைத்தார். "காரை வைச்சுக்கொண்டு ஏன் சைக்கிள் எண்டு கேட்ட குகன் அண்ணைக்கு நானும் அப்ப இதைத்தான் சொன்னனான்," என்றார். பிறகு சிரித்தார், அந்தப் பழைய சிரிப்பு.

தையல் தொழிற்சாலை எப்போதோ வெளிநாட்டுக்குப் போய்விட்டது. பேக்கரி இருந்த இடத்தில் டயர் விற்கிறார்கள். பஸ் தரிப்பிடத்தையும் வேலிப் பற்றையையும் இடித்து வட்டச் சந்தி போட்டுவிட்டார்கள். சைக்கிள் பாதை மட்டும் அப்படியே அதைச் சுற்றிப் போகிறது. வாகனம் ஒன்றும் வராத நேரத்திலும் அந்த இடம் வந்தால் என் கால் தானாகப் பின்னுக்கு மிதித்துவிடும். ஒரு காலை ஊன்றி நிற்பேன். எதிரே யாரும் வருவதில்லை.