பக்கத்து இருக்கை

ரௌஷான் ஆட்களை எண்ண மாட்டாள். மனுஷனை ஒன்று இரண்டு என்று எண்ணினால் ஆகாது என்பது எங்கள் கசாக் வீடுகளில் பழைய பேச்சு. பதினோரு வருஷமாக ஷிம்கென்ட்டிலிருந்து சமர்கந்துக்கும் புகாராவுக்கும் சுற்றுலாக் கூட்டம் கூட்டிப்போகிறவள், இதில் மட்டும் பிடிவாதம். வண்டி கிளம்புமுன் மைக்கைப் பிடித்து, "பக்கத்துல உங்க ஆள் இருக்காங்களா?" என்பாள். "இருக்காங்க!" என்று பஸ்ஸே கத்தும். நான் வண்டியை எடுப்பேன்.

அதற்கு முன் பூகோள டீச்சராக இருந்தாளாம். அந்த அதட்டல் இன்னும் போகவில்லை. முன்சீட்டுக்கு அடித்துக்கொள்கிறவர்களையும், கழிப்பறை எப்போ என்று பத்து நிமிஷத்துக்கொரு தடவை நச்சரிக்கிறவர்களையும் ஒரே பார்வையில் உட்காரவைத்துவிடுவாள். எனக்குப் பக்கத்துச் சின்ன இருக்கைதான் அவள் இடம். வழியெல்லாம் நான் ஓட்டுகிற வேகத்தில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே வருவாள். எனக்கு அது பழகிவிட்டது. பழகிவிட்டது என்ன, பிடித்துத்தான் இருந்தது.

போன மே மாதம் கனிபா அக்கா ஏறினார். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்துப் பக்கத்து இரண்டு சீட்டும் அவர் பெயரில்தான். புருஷன் செய்த்கான் ஆசைப்பட்டுப் பதிவு செய்துவிட்டு, குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஜன்னலோரத்தில் அவருடைய பூவேலைத் தொப்பியை வைத்துவிட்டு, "இது அவரு எடம். யாரும் பை வைக்காதீங்க," என்றார். முதல் தடவை ரௌஷான் கேட்டபோது தொப்பியைத் தொட்டு, "இருக்காரு," என்றார். அதன்பிறகு அந்தப் பக்கம் பார்க்க யாருக்கும் மனசு வரவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

ஜிஸ்ஸாக்கில் சம்சா தின்ன நிறுத்தினோம். உள்ளங்கையை விடப் பெரிய, கறி வைத்துச் சுட்ட சம்சா, கொழுப்பு ஒழுக ஒழுக. திரும்பி ஏறியதும் ரௌஷான் கேட்டாள். பஸ் கத்தியது. நான் எடுத்துவிட்டேன்.

இருபது கிலோமீட்டர் போயிருப்போம். குறுக்கே ஆடு வர, பிரேக் போட்டேன். தொப்பி உருண்டு சீட்டுகளுக்கு நடுவே உள்ள வழியில் விழுந்தது. கண்ணாடியில் பார்க்கிறேன், குனிந்து எடுக்க ஆள் இல்லை.

"ரௌஷான், கனிபா அக்கா எங்க?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. எழுந்துபோய்த் தொப்பியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "வண்டியத் திருப்புங்கண்ணே," என்றாள்.

"லேட்டாயிடுமே," என்று ஒருத்தர் இழுத்தார். "வாய மூடிட்டு உக்காருங்க," என்றாள் அவர் பெண்டாட்டி. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ரௌஷான் என்னை இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள்.

கனிபா அக்கா கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் காகிதத்தில் சுற்றிய இரண்டு சம்சா. ரௌஷான் ஓடிப்போய்க் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"மன்னிச்சிருங்கக்கா. பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"அட, அழாத புள்ள. கை கழுவப் போனேன், வந்து பாத்தா வண்டியக் காணோம்," என்றார் அக்கா. பிறகு மெதுவாக, "அவரு இருந்திருந்தா கத்தியிருப்பாரு. எம்பொண்டாட்டி ஏறல, நிறுத்துடா வண்டியன்னு ஊரையே கூட்டியிருப்பாரு. இப்ப நான் இல்லன்னு சொல்ல ஒரு ஆளில்ல பாத்தியா."

நான் சக்கரத்தைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டேன்.

பஸ்ஸில் ஏறியதும் ரௌஷான் என் பக்கத்துக்கு வரவில்லை. அக்காவின் சீட்டருகே நின்று, "தொப்பிய மடில வச்சுக்குறீங்களாக்கா? நான் இங்க உக்காரணும்," என்றாள். அக்கா கொஞ்ச நேரம் தொப்பியையே பார்த்தார். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து ஜன்னலோரமாக உட்கார்ந்தார். இரண்டாவது சம்சாவை அவள் கையில் திணித்தார்.

"பக்கத்துல உங்க ஆள் இருக்காங்களா?" என்று நடுவிலிருந்து கேட்டது ரௌஷானின் குரல்.

"இருக்கா!" என்று எல்லாருக்கும் முந்திக் கத்தியது அக்காதான்.

நான் சாவியைத் திருகினேன். பக்கத்துச் சின்ன இருக்கை காலியாகக் கிடந்தது.

"ஏ புள்ள, நில்லு," என்றார் அக்கா. "டிரைவரு பக்கத்துல யாருமில்லையே. அந்த மனுஷன் இருக்காரான்னு யாரு சொல்றது?"

மொத்தப் பஸ்ஸும் கத்தியது.

"இருக்காரு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.