சந்தைக் கொட்டகையில் கிடைத்த பிள்ளை

கல்யாணமாகிக் கலேவெலைக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. மாத்தளையில், முத்துமாரியம்மன் கோயில் மணி கேட்கிற தூரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "டவுன் எங்கங்க?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இதான் டவுனு," என்றார் அவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டே.

ஒரே ரோடுதான். ஒரு பக்கம் போனால் தம்புள்ளை, மறுபக்கம் போனால் குருநாகல். ரோட்டை ஒட்டிப் பலசரக்குக் கடைகள், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் ஒருவருடைய பிடவைக் கடை, ஒரு சிங்கள வைத்தியருடைய மருந்துக்கடை, எங்கள் தேத்தண்ணிக் கடை. கொஞ்சம் உள்ளே தள்ளிப் பள்ளிவாசல். அந்தப் பக்கம் அரசமரத்தோடு பன்சலை என்கிற புத்த கோயில். நடுவில் கிராம சபைக் கந்தோர்க் கட்டடம். அந்தச் சபைக்குச் சொந்தமானவை ஒரு கிணறு, அலைகிற மாடுகளை அடைக்கிற ஒரு பட்டி, தகரம் போட்ட சந்தைக் கொட்டகை. சபையின் ஓவசியர் சிங்களவர். காலையும் மாலையும் இந்த மூன்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு எங்கள் கடையில் வந்து உட்காருவார். ஊர் நிர்வாகம் முழுக்க எங்கள் பெஞ்சிலேயே நடந்தது என்று சொன்னாலும் பிழையில்லை.

வாரத்தில் ஆறு நாள் ஊர் தூங்கும். சந்தை நாளில் மட்டும் விடியும் முன்பே மாட்டு வண்டிகள் வரிசையாக வந்து சேரும். கத்தரிக்காய், வாழைக்குலை, மிளகாய், குளத்து மீன், மண்சட்டி, பாய். சிங்களமும் தமிழும் முஸ்லிம் தமிழும் ஒரே மூச்சில் கேட்கும். பேரம் ஒரு பாஷையில் தொடங்கி இன்னொரு பாஷையில் முடியும். அந்த இரைச்சலை முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு சந்தை இல்லாத நாளில்தான் காது வலித்தது.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, ஒரு மாதம்கூட இருக்கவில்லை. காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு எதுவும் தங்கவில்லை. சந்தை நாளில் இடுப்பில் பிள்ளையோடு வருகிற பெண்களைப் பார்க்க முடியாமல் நான் குசினியை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டேன். முன்பக்க வேலை முழுவதையும் என் வீட்டுக்காரரும் டீ மாஸ்டரும் பார்த்துக்கொண்டார்கள்.

இது நடந்தது, காடு வெட்டிப் பயிரிடுகிற சேனைகளிலிருந்து சோளமும் பூசணியும் வருகிற காலத்தில். அன்று காலை சந்தையில் ஒரு பெண்ணுக்கு மாதம் நிறையும் முன்பே வலி வந்துவிட்டது. பஸ் பாதை இல்லாத ஏதோ ஒரு காட்டுக் கிராமத்திலிருந்து வண்டியில் வந்தவள். நானாவுடைய லொறி மாத்தளைக்குப் புறப்பட்டு நின்றதால் அவளையும் புருஷனையும் அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குசினி ஜன்னல் வழியாக லொறி போவதை மட்டும் நான் பார்த்தேன்.

சாயங்காலம் சந்தை கலைந்தது. கொட்டகையைக் கூட்டப் போன ஓவசியர், கொஞ்ச நேரத்தில் கையில் ஒரு பெண் பிள்ளையோடு எங்கள் கடைக்கு வந்தார். மூன்று வயது இருக்கும். பச்சைப் பூப்போட்ட சட்டை, கழுத்தில் கறுப்பு நூலில் பஞ்சாயுதப் பதக்கம், முழங்காலில் பழைய சூட்டுத் தழும்பு. கையில் பாதி தின்ற அவித்த சோளம். பூசணிக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் சாக்கில் தூங்கிக்கொண்டிருந்ததாம். வண்டிகள் எல்லாம் போய்விட்டன.

குசினியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் வந்தேன். பிள்ளை என்னைப் பார்த்தது, சோளத்தைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கியது.

"தாத்தா," என்றது. "தாத்தா."

கதவருகே நின்ற பிடவைக் கடை நானா உடனே முன்னால் வந்தார். "இது தாத்தாவக் கூப்பிடுது. மூத்த சகோதரிய நாங்க தாத்தாண்டுதானே சொல்ற. எங்கட ஆக்கள்ட புள்ள."

டீ மாஸ்டர் தலையை ஆட்டினார். "இல்லீங்க நானா. அம்மாவப் பெத்தவர நாங்க தாத்தாங்கிறோம். கெழவரோட சந்தைக்கு வந்திருக்கும். அவரு எங்கயாச்சும் குடிச்சிட்டுப் படுத்திருப்பாரு."

ஓவசியர் சிரித்துவிட்டார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. எல்லோரும் பிள்ளையைச் சுற்றி நின்று, அது அக்காவைத் தேடுகிறதா, பாட்டனைத் தேடுகிறதா, அப்பனைத் தேடுகிறதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை அவர்கள் எல்லாருடைய முகத்தையும் பார்த்துப் பயந்து, இன்னும் பலமாக அழுதது. நான் தூக்கிக்கொண்டேன். தூக்க வேண்டும் என்று நினைத்துத் தூக்கவில்லை. கை தானாகப் போனது.

என் தோளில் முகத்தை வைத்து, "அம்மா," என்றது.

"அப்ப எங்கட புள்ள இல்ல," என்றார் நானா, கொஞ்சம் வருத்தத்தோடு. "உம்மாண்டுதான் சொல்லிரிக்கும்."

அம்மா என்பது தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஒன்றுதான். பஞ்சாயுதமும் இரண்டு பேரும் போடுவதுதான். உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்துச் சோறு பிசைந்து ஊட்டினேன். தமிழ்ப் பிள்ளையாக இருக்கட்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. தமிழ்ப் பிள்ளையானால் யாரும் தேடி வரமாட்டார்கள் என்பது மாதிரி ஒரு புத்தி கெட்ட நினைப்பு. இரண்டு வாய் தின்றதும் பருப்பு உறைத்திருக்க வேண்டும், கையை நீட்டி, "வத்துர," என்றது.

சிங்களத்தில் தண்ணீர். கதவில் நின்ற என் வீட்டுக்காரர் கோப்பையை எடுத்துக் கொடுத்தார்.

காலையில் லொறியில் போன பெண்ணின் பிள்ளையோ என்று அவர்தான் முதலில் கேட்டார். மறுநாள் லொறி திரும்பியதும் டிரைவரை விசாரித்தோம்.

"அவங்களுக்கும் ஒரு பொம்புளப் புள்ள இரிக்கிதாம்," என்றார் அவர். "ஆனா அது அவட தங்கச்சியோட வண்டியில ஊட்டுக்குப் போயிட்டாம். புருஷன் சொன்னாரு. எந்த ஊருண்டு நான் கேக்கல்ல."

ஆகவே அது இல்லை என்று விட்டுவிட்டோம். பொலிஸ்காரர் வந்து பார்த்தார். ஸ்டேஷனில் பிள்ளையை வைத்துக்கொள்ள வசதியில்லை, இங்கேயே இருக்கட்டும் என்றார். கிராம சபைத் தலைவர், தம்பட்டக்காரரைப் பக்கத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். பஸ் கண்டக்டர்களிடம் அடையாளத்தைச் சொல்லி, நிற்கிற இடமெல்லாம் சொல்லச் சொன்னோம்.

அந்த வாரம் ஊரே பிள்ளை வளர்த்தது. நானா பிடவைத் துண்டுகள் கொண்டுவந்தார். நான் இரண்டு சட்டை தைத்தேன். வைத்தியர் நுளம்புக் கடிக்கு எண்ணெய் தந்தார். ஓவசியர் தினமும் பட்டிக்குக் கூட்டிப்போய் அடைபட்ட மாடுகளைக் காட்டினார். எனக்குத் தெரிந்தது டவுன் சிங்களம். அதற்குத் தெரிந்தது காட்டுச் சிங்களம். நான் சொன்ன சில வார்த்தைகளைக் கேட்டு அது சிரிக்கும். பகலில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே குசினிக்கும் கடைக்கும் நடக்கும். நான் குசினியை விட்டு வெளியே வந்துவிட்டேன் என்பதையே இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

ஒருநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் என்னிடம், "வந்து கேப்பாங்க. தெரியும்ல?" என்றார்.

"தெரியும்," என்றேன்.

"தெரிஞ்சா சரி," என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார்.

அடுத்த சந்தைக்கு முதல் நாள், மாத்தளையிலிருந்து வருகிற பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் நேராக எங்கள் கடை முன்னால் வந்து நின்றது. கண்டக்டர் முதலில் குதித்து இறங்கினார். அவருக்குப் பின்னால் சாரம் கட்டிய, செருப்பில்லாத ஒரு மனிதர். அவருக்குப் பின்னால் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் மனைவியைப் பார்த்துவிட்டு, வீட்டையும் பிள்ளையையும் பார்க்க அவர் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பிள்ளை மைத்துனியிடம் இருக்கிறது என்று அவர் நம்பியிருந்தார். மைத்துனியோ, அப்பன் தன்னோடு லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்து வண்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பஸ்ஸில் கண்டக்டர் ஒவ்வொரு ஹோல்ட்டிலும் சொன்னதை அவரும் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். பாவம், யாருடைய பிள்ளையோ என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியும் இருக்கிறார். முழங்காலில் சூட்டுத் தழும்பு என்று கண்டக்டர் சொன்னபோதுதான் எழுந்து நின்றாராம். கண்டக்டருடைய கையைப் பிடித்துக்கொண்டாராம்.

பிள்ளை என் காலடியில் உட்கார்ந்து பட்டாணி பொறுக்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தது. "தாத்தே," என்று சாதாரணமாகக் கூப்பிட்டது, காலையில்தான் பிரிந்தது மாதிரி. அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் இழுத்து முகத்தை அதன் வயிற்றில் வைத்து அழுதார். பஸ் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தோம். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். மனைவிக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது, சின்னதாக இருக்கிறது, ஆனால் பால் குடிக்கிறது என்றார். சிங்களத்தில்தான் பேசினார். "அக்கே, அவ கேட்டுக்கிட்டே இருந்தா, மகள் என்ன செய்றாளோன்னு. வீட்ல இருக்கா, பயப்படாதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்," என்றார்.

நான் தைத்த சட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். பிள்ளை அப்பனுடைய தோளில் ஏறிக்கொண்டு போயிற்று. போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டியது. நானும் வரவேண்டும் என்று அது நினைத்திருக்க வேண்டும். அவர்கள் ரோட்டு வளைவில் மறைகிற வரை நின்றேன். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், காய்ந்திருந்த பெஞ்சுகளை எல்லாம் மறுபடி கழுவினேன். என் வீட்டுக்காரர் வந்து வாளியை வாங்கி வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சந்தை நாளில் தாயும் வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் எங்கள் பிள்ளை. ஒல்லியான பெண். என்னைவிடச் சின்னவள். கைக்குழந்தையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் குசினிக்குள் வந்து, நான் அரைத்துக்கொண்டிருந்த அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து மிச்சத்தை அரைத்து முடித்தாள்.

அதற்குப் பிறகு எந்தச் சந்தைக்கு வந்தாலும் அவர்களுடைய வண்டி எங்கள் கடைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பிள்ளை இறங்கியதும் "கடே அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவரும். கடை என்பதைச் சிங்களத்தில் கடே என்பார்கள். ஆகவே அந்தப் பெயருக்கு யாரும் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாளடைவில் ஊரில் எல்லாருக்கும் நான் கடே அம்மா ஆகிவிட்டேன். என் சொந்தப் பெயரைக் கேட்டால் டீ மாஸ்டரே யோசித்துத்தான் சொல்வார்.

அவர்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், தங்க இடம் வேண்டும் என்று அப்பன் கேட்க வந்தார். கேட்கத் தயங்கி நெடுநேரம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர், "பின் ரூமைக் கூட்டி வச்சாச்சு," என்றார். நான் அதைப் பற்றி அவரிடம் பேசியதே இல்லை. எப்போது கூட்டினார் என்று இன்றுவரை தெரியாது.

அப்படி அவள் எங்களோடு பள்ளிக்கூட நாட்களில் இருந்து, விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்து வளர்ந்தாள். பன்சலைக்கும் போவாள். தேருக்கு என்னோடு மாத்தளைக்கும் வருவாள். தமிழில் என்னோடு சண்டை போடுவாள். கோபம் அதிகமானால் சிங்களத்துக்குப் போய்விடுவாள். தலை வாரும்போது மட்டும் எந்தப் பாஷையும் இல்லாமல் முகத்தைச் சுளிப்பாள்.

எழுபதுகளில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பல்லேகமப் பக்கத்தில் வயல் உள்ள குடும்பம். கல்யாணம் அவர்கள் கிராமத்தில். நாங்கள் ஊர்க்காரர்களோடு ஒரு வேன் பிடித்துப் போனோம். நானாவும் வந்தார், தள்ளாத வயதில் ஓவசியரும் வந்தார். சிங்களவர் முறையில் மாப்பிள்ளை பெண்ணின் தாய்க்கு ஒரு வெள்ளைப் பிடவை கொடுப்பார். பால் கொடுத்து வளர்த்த கடனுக்கு நன்றி என்று அர்த்தம். நான் பெண்கள் கூட்டத்தில் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை பிடவையைத் தாயிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் என்னைத் தேடினாள். "அக்கே, முன்னால வாங்க," என்றாள். மாப்பிள்ளையின் தம்பி இன்னொரு பிடவையை நீட்டினான். முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

"நான் பால் குடுக்கலயே, நங்கி," என்றேன் அவளிடம், சிங்களத்தில் தங்கை என்று அழைத்து.

"பால் குடிச்ச பிறகும் பிள்ளைக்குப் பசிக்கும்தானே," என்றாள் அவள்.

நான் வாங்கிக்கொண்டேன். மாப்பிள்ளை குனிந்து வணங்கினார். பெண் எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அதைப் பெட்டியில் வைத்தேன். புருஷன் இருக்கும்போது வெள்ளை கட்டுவது எங்களில் வழக்கமில்லை. அவர் மட்டும், "உன் மக குடுத்தது. கட்டுனா என்ன?" என்று இரண்டு முறை சொன்னார். அடுத்த வருஷம் அவள் வயிற்றில் ஆறு மாதத்தோடு வந்தபோது, அவள் கண் முன்னாலேயே பிடவையைக் கத்தரித்து, பிறக்கப்போகிற பிள்ளைக்குச் சின்னச் சின்னத் துணியாகத் தைத்தோம். தாயும் வந்திருந்தாள். அவள் ஓரம் மடித்தாள், நான் தைத்தேன். வெளியே சந்தை நாள். யாரோ பூசணிக்காய் விலை கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.