மிதிக்காத எலுமிச்சம்பழம்

எனக்கு ஆறு வயதில் வலது பாதம் வலிக்க ஆரம்பித்தது. பாதத்தின் உள்பக்கம், வளைவுக்கு மேலே, ஒரு விரல் வைத்தால் மறைந்துவிடும் இடம். காயம் இல்லை, பெரிய வீக்கமும் இல்லை. ஊன்றினால் வலிக்கும் என்பதால் பாதத்தின் வெளி ஓரத்தில் நின்று விந்தி விந்தி நடப்பேன். அது இரண்டாம் உலக யுத்த காலம். ராசிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறி. விழுந்து முட்டி பெயர்ந்தவளுக்கு மருந்து போட அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒன்றுமே நடக்காமல் நொண்டுகிறவளை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அதனால் கேட்டார்கள். "எதை மிதிச்சே சாமி?" அம்மா கேட்டாள், அத்தை கேட்டாள், நூல் கொண்டுவருகிறவர்கூடக் கேட்டார். நோயாளிக்குச் சுற்றிய எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் முச்சந்தியில் போடுவார்கள்; அதற்குக் கழிப்பு என்று பெயர். அதை மிதித்தவர் காலில் நோய் ஏறிவிடும். காரணமில்லாமல் கால் வலித்தால் இதுதான் காரணம் என்பது எங்கள் தெருவில் அப்பீல் இல்லாத தீர்ப்பு. நான் எதையும் மிதிக்கவில்லை என்றேன். "பயப்படாமச் சொல்லு" என்றார்கள். மறுபடியும் இல்லை என்றேன். அம்மா முதுகில் இரண்டு வைத்தாள்.

பத்து நாள் தாங்கினேன். அதற்குமேல் முடியவில்லை. "எதுத்த ஊட்டுல சுத்திப் போட்டாங்கல்ல, அந்த எலுமிச்சம்பழம்" என்றேன். எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்கு அப்போதுதான் காய்ச்சல் வந்து போயிருந்தது. அவ்வளவுதான், கேள்வி நின்றது. அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள், கருப்பட்டி கொடுத்தாள். எனக்கு அப்போது வெட்கமாக இல்லை, நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா நேரே எதிர்வீட்டுக்குப் போனாள். "முச்சந்தியிலதானுங்கக்கா போடச் சொன்னேன், உங்க ஊட்டு வாசல்ல போடலீங்க" என்று அந்த வீட்டுக்காரி கெஞ்சினாள். அம்மா வாய்க்கு அன்று பூட்டு இல்லை. தறியில் ஏற்றுகிற பாவு நூலை இரண்டு வீடும் ஒன்றாக விரித்துக் கஞ்சி போடுவது வழக்கம், அது நின்றது. அந்த வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றுவோம். எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான். இனி அவளோடு பேசினால் நாக்கில் சூடு என்றாள் அம்மா.

எனக்கு மந்திரித்தார்கள். எலும்புக்குக் கட்டுக் கட்டுகிறவர் வந்து உளுந்து மாவும் முட்டையும் அப்பி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கினார். வலி இரண்டு மடங்கானது. கடைசியில் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் சேலத்துக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு காலையும் படம் பிடித்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அப்பாவுக்குக் காட்டினார். இடது பாதத்தில் படகு மாதிரி ஒரு சின்ன எலும்பு. வலது பாதத்தில் அதே எலும்பு நசுங்கி, பாதிகூட இல்லை.

"கழிப்பு மிதிச்சுட்டாளுங்க" என்றார் அப்பா.

"எதையும் மிதிச்சு இது வராது. இந்த வயசில சில பிள்ளைகளுக்கு இந்த எலும்புக்கு ரத்தம் போதாமப் போகுது. தானாவே திரும்ப வளர்ந்துடும். அதுவரைக்கும் ஓடாம பார்த்துக்குங்க" என்று சொல்லி, முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா என்னை மடியில் வைத்து மாவுக்கட்டைத் துண்டால் மூடினார். பிறகு, "நெசமாலுமே மிதிச்சியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வெளியே பார்த்தபடி, "டாக்டர் கட்டுப் போட்டாருன்னு மட்டும் ஊட்டுல சொல்லு. உங்கம்மா தெருவுல நின்னு அத்தனை பேசிட்டா, இனி போயி என்னத்தச் சொல்றது" என்றார். அன்றிலிருந்து நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்துச் சாப்பிடவில்லை.

கதவோரம் பாயில் உட்கார்ந்திருந்தேன். தெருப் பிள்ளைகளை யாரும் என்னிடம் விடவில்லை, என்னிடமிருந்து நோய் ஒட்டிக்கொள்ளுமாம். நான் சொன்ன பொய் நன்றாகவே வேலை செய்தது. உள்ளே தறிச் சத்தம், வெளியே பிள்ளைகள் சத்தம், நடுவில் நான். மாவுக்கட்டுக்குள் அரிக்கும்; துடைப்பக் குச்சியை விட்டுச் சொறிந்துகொண்டே எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அழுகை வரும். கால் வலிக்கிறதா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன்.

ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் பாவு விரிக்கிற மைதானத்துக்குப் போயிருந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குறுக்கே ஓடிவந்தாள். என் பாயில் உட்கார்ந்தாள். மாவுக்கட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எங்கம்மா மேல தப்பில்ல. முச்சந்திக்குப் போயிப் போட்டுட்டு வாடின்னுதான் சொன்னாங்க. இருட்டப் போகுதுன்னு பயந்துட்டு நாந்தான் பாதி வழியிலயே போட்டுட்டு ஓடியாந்துட்டேன். என்னாலதான் உனக்கு இப்படி."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். டாக்டர் சொன்னது அத்தனையும் எனக்கு ஞாபகம் இருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஒரு வார்த்தை போதும். ஆனால் நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவாளே. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் என் பாயில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"பரவால்ல" என்றேன். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நூல் தட்டுப்பாட்டில் தெருவில் பாதித் தறி நின்றுவிட்டது. அடுத்த மாதமே அவர்கள் பிழைப்புத் தேடிக் குமாரபாளையம் போய்விட்டார்கள். பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை. அந்த எலும்பு டாக்டர் சொன்னபடியே தானாக வளர்ந்து, மறு வருஷம் நான் தெருவில் ஓடினேன். அது அவளுக்குத் தெரியாது.