மழை தாங்கும் சோபா

பொன்னமராவதி பக்கத்துக் கிராமங்களில் முப்பத்திரண்டு வருடம் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பொன்னுத்தாய். அழுக்கைக் கண்டால் அவருக்கு ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர்க் குடத்துக்குள் எட்டிப் பார்ப்பார். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனதால், காலை வெயிலில் வாசலில் உட்கார ஒரு நல்ல இருக்கை தேடினார்.

மாசி மாதம் புதுக்கோட்டையில் ஒரு கடையில், பிரம்பு மாதிரி பின்னிய பிளாஸ்டிக் சோபாவைக் காட்டினார்கள். மேலே தடித்த மெத்தை.

"அவுட்டோர் மாடல்மா. வெயிலு, மழை எதுவும் ஒண்ணும் பண்ணாது" என்றார் கடைக்காரர்.

உட்கார்ந்து பார்த்தார். சுகமாக இருந்தது. வாங்கிவிட்டார்.

சித்திரை வெயிலில் பின்னல் வெளுத்து நொறுங்கத் தொடங்கியது. ஐப்பசி மழையில் மெத்தை ஊறியது. நான்கு நாள் உலர்த்தியும் வீச்சம் போகவில்லை. உறையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே புதுப் பஞ்சு இல்லை. எங்கோ கிடந்த கிழிசல் துணியும் மக்கிய ஸ்பாஞ்ச் துண்டுகளும், அவற்றில் சிக்கிய யாரோ ஒருவரின் தலைமுடியும், கறுப்பாகப் பூசணமும் இருந்தன. நடுவில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

சீழ்ப் புண்களைக் கழுவிக் கட்டிய கை அது. அப்படிப்பட்டவருக்கே அன்று குமட்டிக்கொண்டு வந்தது.

"இதுமேலயா எட்டு மாசமா ஒக்காந்திருந்தேன்!"

"விட்டுத் தள்ளு பொன்னு, தூக்கிப் போட்ருவோம்" என்றார் கணவர் பிச்சைமுத்து.

"எங்கிட்டுப் போடுறது? கொடுத்தவன்கிட்டயே போடுறேன்."

மெத்தையைச் சாக்கில் கட்டி பஸ் ஏறினார். கடையின் கண்ணாடி மேசைமேல் அதை விரித்தார். சாமான் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

"மழையில யாரும்மா போடச் சொன்னா? அவுட்டோர்னா போர்டிகோவுக்குள்ள" என்றார் கடைக்காரர்.

"மழை ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னது நீங்கதானங்க?"

அவர் கைக்குட்டையால் மூக்கை மூடியபடியே சிரித்தார். "கோவப்படாதீங்கம்மா. இதே மாடல் வேற கலர்ல தாரேன்."

புழுவைப் பார்த்தபோது வந்ததைவிட அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது பொன்னுத்தாய்க்கு அதிகம் குமட்டியது.

"ஒங்க மெத்தையே வேணாம்."

கடையில் இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒவ்வொரு இருக்கையிலும் ஊற்றினார். கடைக்காரர் கத்தியதைக் காதில் வாங்கவில்லை. எவர்சில்வர் குழாயில் ஒயர் பின்னிய ஒரு நாற்காலியில் மட்டும் தண்ணீர் தேங்காமல் ஓடியது. கையை ஊன்றாமல் மூன்று முறை உட்கார்ந்து எழுந்தார். முழங்கால் முனகவில்லை. சோபாவுக்குப் பதில் அதையே கேட்டு வாங்கினார்.

ஆட்டோவில் ஏற்றும்போது உள்ளேயிருந்து கடைக்காரர் குரல் கேட்டது: "அந்த மெத்தைக்குப் புது உறை போட்டு ஷோரூம்ல வைங்கப்பா."

பொன்னுத்தாய் திரும்பி நடந்தார். மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, எல்லார் முன்னாலும் மெத்தையைக் குறுக்காகக் கிழித்துப் போட்டார். யாரும் தடுக்கவில்லை.

இப்போது தினமும் காலையில் அந்த நாற்காலியில்தான் உட்காருகிறார். கால்வலி குறைந்திருக்கிறது. அந்தக் கடைக்காரரை யாராவது பேச்சில் இழுத்தால் மட்டும், எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வருகிறார்.