டிரஸ்ஸர் மகனின் பிஸ்கட் டின்

என் அக்காவைக் கட்டிய அத்தானின் அப்பா ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவர். காயம் கட்டுவார், மருந்து கலக்கிக் கொடுப்பார், ஊசி போடுவார். ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டுப் பல வருடமாயிற்று. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் டிரஸ்ஸர் மகன் என்ற ஒரே தகுதியில், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், அக்கா குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கெல்லாம் அத்தான் டாக்டராகிவிட்டார்.

அந்த வரிசையில் கிளினிக் கொடுக்கிற ஆன்டிபயாட்டிக்கை யாரும் முழுதாக விழுங்கமாட்டார்கள். காய்ச்சல் விட்டதும் மிச்சத்தைக் கோயில் பிரசாதம் மாதிரி பயபக்தியோடு அத்தானிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்து, அடுத்தவன் தும்மினால் எடுத்து நீட்டுவார். புண் என்றால் கேப்சூலைத் திறந்து தூளைத் தூவுவார். அவருடைய மீன் தொட்டிக்கும் அதே தூள்தான். மீன்கள் செத்துப்போயின.

நான் ஈப்போவில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கிற வேலை செய்கிறவன். ஒருநாள் சளி பிடித்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் கேப்சூல் கொடுப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் சொன்னேன்.

"அத்தான், சளி வைரஸால வருது. அது தனியா ஒன்னும் பண்ணாது. நம்ம செல்லுக்குள்ள பூந்துதான் தன்ன நகல் எடுத்துக்கும். இந்த மருந்து பாக்டீரியாவோட சுவர ஒடைக்கிறது. வைரஸுக்கு அந்தச் சுவரே இல்ல. எத ஒடைக்கும்?"

"கிருமின்னா கிருமிதான் லா மச்சான். எங்கப்பா பாக்காத கிருமியா?"

பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கேப்சூலை வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த வருடம் தைப்பூசத்துக்கு அக்கா பால்குடம் எடுத்தாள். இரத்தத்தில் சர்க்கரை ஏறிய இனிப்பு நீர்க்காரி, வெறுங்காலோடு, கொதிக்கிற தார் ரோட்டில். வலது கால் கட்டைவிரலுக்கடியில் கொப்புளம் வந்து உடைந்தது. கிளினிக்குக்குப் போ என்று நான் போனில் கத்தினேன். அத்தான் போனைப் பிடுங்கி, "வீட்டுலயே ஆளு இருக்கப்ப கிளினிக் எதுக்கு மச்சான்?" என்றார். தூள் தூவினார். வலி குறைந்தால் மாத்திரையை நிறுத்தினார். கூடினால் வேறு நிறத்தில் ஒன்றைக் கொடுத்தார்.

பாக்டீரியாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? அரைகுறை மருந்தில் நோஞ்சான்கள் சாகும். மரபணுவில் தற்செயலாக ஒரு மாற்றம் வந்து, மருந்தைத் தாங்கத் தெரிந்தவை மிஞ்சி, இரண்டிரண்டாகப் பிளந்து பெருகும். தன் வாரிசுகளுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கிற வேறு வகைக் கிருமிக்கும் அந்த வித்தையை வளையம் மாதிரியான ஒரு துண்டு டிஎன்ஏவில் கொடுத்துவிடும். மூளையே இல்லாத சின்னஞ்சிறு செல் கற்றுக்கொள்கிறது. இந்த மனிதருக்கு மட்டும் மண்டையில் ஏறவில்லை. இதை நான் விருந்துச் சாப்பாட்டின்போதுகூடச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

குளிர் காய்ச்சல் வந்து விரல் கறுத்த பிறகுதான் அக்காவைத் தூக்கிக்கொண்டு என் மருத்துவமனைக்கு ஓடிவந்தார். புண்ணின் சீழ் என் மேசைக்கே வந்தது. "காலு தப்பிச்சிருமாடா தம்பி?" என்று அவள் கேட்டாள்.

அவள் கிருமியைத் தட்டில் பரப்பி, மேலே வெவ்வேறு மருந்தில் நனைத்த சின்னக் காகித வில்லைகளை வைத்தேன். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வட்டம் விழும். மறுநாள் எடுத்துப் பார்த்தேன். வில்லைக்கு வில்லை ஒட்டி வளர்ந்திருந்தது. ஓரத்தில் ஒன்றே ஒன்றில் வட்டம் இருந்தது. ஐயோ, அதைப் பார்த்து நான் அழுதேவிட்டேன்.

அந்த மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். கால் தப்பியது. கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள்.

வார்டிலும் அத்தான் அடங்கவில்லை. "நான் மட்டும் மருந்து போடலன்னா முழுக்காலும் போயிருக்கும்" என்று வெட்கமில்லாமல் வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஆயர் தாவார் ஊர்க்கார அம்மா ஒருவர் இருமினார். அத்தான் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு கேப்சூலை நீட்டினார்.

"இத போடுங்கக்கா, சரியாயிரும். எங்கப்பா டிரஸ்ஸர்."

அந்த அம்மாவும் கையை நீட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத என் அக்கா, போர்வையை உதறித் தள்ளினாள். கட்டுப் போட்ட காலைத் தூக்கி அந்தக் கட்டில் பக்கம் காட்டினாள்.

"வாங்கிப் போடுங்கக்கா. எனக்கும் இவருதான் குடுத்தாரு."