மனைவியின் விசாவில் மாப்பிள்ளை

கம்பளையில் வாப்பாவின் செருப்புக் கடைக் கதிரையை நாள் முழுக்கச் சூடாக்குவதுதான் நபீலின் உத்தியோகம். திடீரென்று அவனுக்கு இங்கிலாந்து போக ஆசை வந்தது. படிக்க அல்ல, போக. ஆங்கிலப் பரீட்சையை மூன்று தரம் எழுதினான். மூன்று தரமும் குற்றம் பரீட்சையுடையதுதான். “அதுல பேசுறவன்ட வாய்க்குள்ள என்னமோ ஈக்கி மச்சான்” என்பான்.

மகனைப் பரீட்சையால் அனுப்ப ஏலாது என்று கண்டதும், உம்மா றம்லத் கலியாணத்தால் அனுப்பத் துணிந்தாள். படிக்கப் போகிற பெண்ணின் விசாவில் மாப்பிள்ளையும் போகலாமே! இந்தப் பக்கத்தில் இப்போது பெண்ணின் நிறத்துக்கு முன்னால் ஆங்கிலப் பரீட்சைப் புள்ளியைத்தான் விசாரிக்கிறார்கள். கண்டி மஹய்யாவயைச் சேர்ந்த ஜஹானா எல்லாவற்றிலும் தேறினாள். பேராதனையில் மண்ணியல் படித்தவள். இங்கிலாந்தில் முதுமாணிப் படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. தனியாக அனுப்ப அவளுடைய வாப்பாவுக்கு மனமில்லை. துணைக்கு ஓர் ஆண் வேண்டும், எந்த ஆணென்றாலும் சரி. நிக்காஹ் முடிந்தது.

கடை வாசலில் பதாகை ஏறியது: ‘மேற்படிப்புக்காக இங்கிலாந்து பயணமாகும் நபீலை வாழ்த்துகிறோம்.’ ஜஹானாவின் பெயர்? “பொம்புளப் புள்ளட பேர ரோட்டுல தொங்கவிடுறதா?” என்றாள் றம்லத். நபீல் கம்பளி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, வெயிலில் வேர்க்க வேர்க்க, வீடு வீடாகப் பயணம் சொல்லி விடைபெற்றான்.

“எனத்த மகன் படிக்கப் போற?” என்று கேட்டார் பக்கத்துக் கடை மஹ்மூத் ஹாஜியார்.

“மண், ஹாஜியார்.”

“மண்ணா? அது இங்க ஈக்கிதானே!”

விசாவுக்கு விண்ணப்பிக்குமுன் அந்த நாட்டுச் சட்டம் மாறியது. இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் இனிமேல் கணவனையோ மனைவியையோ கூட்டி வர முடியாது. றம்லத் உடனே தீர்ப்புச் சொன்னாள்: “அப்ப மருமகளும் போகத் தேவல்ல.”

நபீல் அறைக்குள் போய்க் கெஞ்சினான். “நீங்க போய், நான் நிண்டா, ஊருல எனத்தச் சொல்ற?”

ஜஹானா பெட்டியிலிருந்து தலை தூக்கவில்லை. “ஊருக்குப் பொய் சொன்ன நான் இல்லயே. இந்தப் பெட்டிட சிப்ப இழுத்து மூடித் தாங்க.”

கலியாணமானவள் என்ற பெயர் போதும் என்று அவளுடைய வாப்பாவும் இறங்கி வந்தார். அவள் தனியாகவே போனாள். நபீலும் போயாக வேண்டுமே! மஹய்யாவயில் ஜஹானாவின் உம்மா வீட்டுக்குப் போனான். கம்பளைப் பக்கம் தலை காட்டவில்லை. ஜஹானா அனுப்பும் பனி மூடிய தெருக்களை முகநூலில் ஏற்றி, ‘குளிர் அதிகம், படிப்பு அதைவிட அதிகம்’ என்று எழுதினான். துஆக்கள் குவிந்தன.

ஒரு நாள் கண்டி மார்க்கட்டில், கையில் கருவாட்டுப் பையோடு, ஹாஜியாரிடம் அகப்பட்டான்.

“நீ எப்ப வந்த மகன்?”

“லீவுல, ஹாஜியார். ஒரு கிழமதான்.”

“மாஷா அல்லாஹ். ஜஹானாவையும் கூட்டி வந்தியா?”

“அவ எப்பிடி வார? அவவுக்குப் பரீட்சை நடக்குதே!”

ஹாஜியார் கருவாட்டுப் பையைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப ஒனக்கு?”

பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு நபீல் ஓடினான். பஸ் நிற்கும் இடம் மற்றப் பக்கம் இருந்தது.