கம்பவுண்டரின் விடைத்தாள்

முதுகலை உளவியல் ஆய்வுக்காகக் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் தங்கியிருந்தேன். போதையை விட வந்தவர்களுக்கு அங்கே எட்டுக் கட்டில்கள் இருந்தன. அவர்களுடைய குணத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தேன். அதன் புத்தகத் தமிழ் அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஐம்பதை நெருங்கிய கம்பவுண்டர்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத் தமிழில் கேட்டுச் சொன்னார்.

"சும்மா குந்திக்கினு இருந்தா உனுக்கு மனசு தாங்குமா? யோசிச்சி சொல்லு."

கரியாலூர் லாரி ஓட்டுநர் ஒருவர் அவரிடம் மட்டுமே வாய் திறந்தார்.

அந்த வாரம் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தது. தியாகதுருகம் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, மருந்து பார்சலும் வரவில்லை. ஊருக்குப் போக முடியாததால், ஒப்பிட்டுப் பார்க்கப் போதைப் பழக்கம் இல்லாதவர்களிடமும் தாளை நிரப்பி வாங்கினேன். கம்பவுண்டரும் நிரப்பிக் கொடுத்தார்.

அந்தத் தாளில் பொய்யைக் கண்டுபிடிக்கவே சில கேள்விகள் உண்டு. நோயாளிகள் அவற்றுக்கு உண்மையாகவே பதில் சொல்லியிருந்தார்கள். கம்பவுண்டரோ வாழ்நாளில் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை, கோபப்பட்டதில்லை என்று எழுதியிருந்தார்.

மறுநாள் காலை விளையாட்டாகச் சொன்னேன்: "அண்ணா, இந்த ஆஸ்பத்திரியிலயே ஜாஸ்தி பொய் சொன்னது நீங்கதான்னு தாள் சொல்லுது."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாளாகவே மூக்கு ஒழுக, கொட்டாவி விட்டபடி இருந்தார். சளி என்று நினைத்திருந்தேன். சட்டைப் பையிலிருந்து பெத்தடின் என்ற வலி ஊசி மருந்தின் காலிக் குப்பி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நாலு வருசமா போட்டுக்கினு இருக்கேம்மா. ஸ்டாக்கு தீந்துபோச்சி. ஒடம்பு தாங்கல."

"யாருக்கு வந்த மருந்து?"

"ஆபரேசன் ஆனவங்களுக்கு. அவங்களுக்குப் பாதி தண்ணிதான் போட்டேன்."

ஆபரேசன் முடிந்து முந்தின நாள் முழுக்க வலியில் முனகிய ஒரு பெண்ணின் தலைமாட்டில் அவர் நின்று, "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா" என்று சொன்னதைப் பார்த்திருந்தேன். எவ்வளவு இரக்கமானவர் என்றுகூட நினைத்திருந்தேன்.

இருவரும் போய் டாக்டரிடம் சொன்னோம். "அட்மிட் பண்ணுங்க" என்றார் அவர். ஒன்பதாவது கட்டில் போட்டார்கள். லாரி ஓட்டுநர் தன் கட்டிலைச் சுவரோரம் தள்ளிக்கொண்டார்.

சாலை திறந்ததும் கிளம்பிவிட்டேன். கம்பவுண்டரின் வேலை போய்விட்டதாகவும், மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டப் போவதாகவும், ஊசியைத் தொடுவதில்லை என்றும் பிறகு நர்ஸ் எழுதினார். நம்பத்தான் ஆசை. ஆனால் அந்தப் பெண்ணின் முனகலை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.